அப்பத்தாவின் பானையும் தம்பியின் ஸ்டவுட்டும்

போன டிசம்பர் முதல் ஞாயிறு. திருமங்கலம் பக்கத்தில் ஒரு காலனியில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்துக்கு, பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தான். நாங்கள் என்றால் நான்கைந்து பேர். முப்பதுகளில் இருப்பவர்கள். சமூகப்பணியில் இருக்கிறோம். இந்தத் தம்பி எங்களிடம் எட்டாம் வகுப்பில் கணக்குப் படித்தவன்.

பெட்டிக்குள் முளைகட்டிக் காயவைத்த பார்லி, காப்பிக்கொட்டை போலக் கருக வறுத்த பார்லி கொஞ்சம், ஹாப்ஸ் என்கிற பூ, ஒரு பொட்டலம் ஈஸ்ட். கூடவே பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல்.

"அண்ணே, கிறிஸ்துமஸுக்கு நாமளே ஒரு ஸ்டவுட் போடுவோம். மசாலா ஸ்டவுட். வெளிநாட்ல குளிர்காலப் பண்டிகைக்கு வீட்லயே போடுவாங்க" என்றான்.

செய்முறையையும் சொன்னான். முளைத்த பார்லியை நொறுக்கி 65 டிகிரிக்குக் கொஞ்சம் மேலான சூட்டில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகும். வடிகட்டி, ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். மசாலாவைக் கடைசியில் சேர்த்து, ஆறியதும் ஈஸ்ட்டைக் கலந்து மூடிவைத்தால் இரண்டு வாரத்தில் புளித்துவிடும். வறுத்த பார்லிதான் கறுப்பு நிறத்துக்கும் கசப்புக்கும் காரணம். அவன் பேசிய வேகத்தைப் பார்க்க எங்களுக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பள்ளியில் வேதியியலைக் கண்டு ஓடியவன் இவன்.

படிப்பகத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அவனுடைய அப்பத்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னது: "ஏய்யா, இது ஊறல்தான? இதுக்குத்தான என்னைய ஜெயில்ல போட்டாய்ங்க?"

அந்தக் கதை எங்களுக்குத் தெரியும். தம்பிக்கு முழுதாகத் தெரியாது.

1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் சாராயத்துக்கும் கள்ளுக்கும் தடை வந்தது. அதற்கு முந்தைய நாள்வரை அரசு ஏலம் விட்ட கடைகளில் விற்றதுதான். அடுத்த ஆண்டு மார்ச்சில் அப்பத்தா வீட்டில் ஒரு பானை ஊறல் இருந்தது. வெல்லம், வேலம்பட்டை, அழுகிய வாழைப்பழம். காய்ச்சி நாலு வீட்டுக்கு விற்கவும் செய்திருக்கிறது. இதில் மறைக்க ஒன்றுமில்லை. விடியுமுன் போலீஸ் வந்து பானையை உடைத்து, அப்பத்தாவை வேனில் ஏற்றினார்கள். பதினைந்து நாள் ரிமாண்ட். தம்பியின் அப்பா அப்போது பத்தாம் வகுப்பு. ஜாமீனுக்கு ஆள் தேடி அலைந்ததில் பொதுத்தேர்வு எழுதவில்லை. பிறகு படிக்கவே இல்லை. கொத்தனார் வேலைக்குப் போனார்.

தோழர்களே, ஒரே வேதிவினைக்கு இந்த நாட்டில் எத்தனை பெயர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெங்களூரில் அனுமதி பெற்ற மதுக்கூடத்தில் செம்பு அண்டாவில் புளித்தால் 'கிராஃப்ட் பீர்'. பங்களா வீட்டுப் பீங்கான் ஜாடியில் கம்பம் பன்னீர் திராட்சையும் கிராம்பும் இருபத்தொரு நாள் கிடந்தால் 'ஹோம்மேட் ஒயின்', கேக்கோடு பரிமாறலாம். காலனியில் மண்பானையில் புளித்தால் 'ஊறல்'. பத்திரிகையில் அதைப் 'பறிமுதல்', 'அழிப்பு' என்ற சொற்களோடுதான் படிக்கிறோம்.

சட்டம் இந்த வேறுபாட்டைச் செய்யவில்லை. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தில் மது என்றால் கள், சாராயம், ஒயின், பீர், ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும்தான். உரிமமின்றிச் செய்வதும் வைத்திருப்பதும் குற்றம். ராஜாஜி முதன்முதலில் சேலத்தில் கொண்டுவந்த சட்டம் இது. பக்கத்துக் கேரளத்தில்கூட 2019 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஒயின் போடுவதும் குற்றம்தான் என்று கலால் துறை எச்சரித்தது. ஆனால் பீங்கான் ஜாடியைத் தேடி விடியற்காலையில் வேன் போனதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. தேடல் எந்தத் தெருவில் நடக்கிறது என்பதைச் சட்டப் புத்தகம் சொல்வதில்லை. சாதிதான் சொல்கிறது. 1982இன் 14ஆம் எண் சட்டத்தை நாம் 'குண்டர் சட்டம்' என்கிறோம். அதன் முழுப் பெயரை எடுத்துப் படியுங்கள். குண்டர்களுக்கு முன்பாக, பட்டியலில் முதலாவதாக நிற்பவர்கள் கள்ளச்சாராயக்காரர்கள். ஓராண்டுவரை விசாரணையின்றி அடைத்துவைக்கலாம்.

தம்பி நியாயமாகவே கேட்டான்: "அப்ப மத்த நாட்ல எப்படிண்ணே?" பிரிட்டனில் 1963இல் வீட்டுப் பீருக்கான உரிமக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1978இல் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், சொந்தப் பயன்பாட்டுக்கு வீட்டில் பீர் போடுவதற்கு மத்திய வரியை நீக்கியது. இந்தியாவிலும் பழங்குடி மக்கள் தங்கள் தேவைக்குக் காய்ச்சிக்கொள்ள சில மாநிலங்களில் வரம்புக்குட்பட்ட அனுமதி உண்டு. சத்தீஸ்கரில் ஐந்து லிட்டர்வரை.

இன்னொன்றும் அவனிடம் சொன்னோம். ஸ்டவுட்டின் தாய் போர்ட்டர் என்கிற பீர். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் தெருவிலும் துறைமுகத்திலும் மூட்டை சுமந்தவர்கள் விரும்பிக் குடித்ததால் அந்தப் பெயர் வந்தது. கூடுதல் வீரியமுள்ள போர்ட்டர்தான் 'ஸ்டவுட் போர்ட்டர்' ஆகி, பிறகு வெறும் ஸ்டவுட் ஆனது. ஆக, நீ கொண்டுவந்திருப்பதும் சுமைகூலிகளின் பானம்தான். நம் பக்கத்திலும் இது புதிதல்ல. பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பு வருகிறது. கொழியல் அரிசியைக் களியாகத் துழாவி ஆறவைத்து, முளைநெல்லை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து, விரலால் அலைத்துப் பிழிந்த கள்ளை விருந்தினருக்குக் கொடுக்கிறார்கள். முளைத்த தானியத்தைக் கொண்டு புளிக்கவைக்கும் முறைதான் பீர். அதைத் தமிழ் மரபு என்று கல்லூரியில் பாடமாக நடத்துவார்கள். அதே கைவேலையோடு வாழ்ந்த சாதிகளின் வீட்டில் பானையை உடைப்பார்கள்.

இதுவரை பேசியது எளிது. எங்களுக்கும் பழகிய பேச்சு. அப்பத்தா அதோடு விடவில்லை.

"நல்லாப் பேசுறீக. அதக் குடிச்சுட்டுத்தான் ஒங்க தாத்தா என்னையப் போட்டு அடிச்சாரு. பானைய ஒடச்சதுக்கு நான் அழுவல. எம் பய பரிச்சை எழுதாமப் போனானே, அதுக்குத்தான் அழுதேன்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. 'எங்கள் பானம், எங்கள் பண்பாடு' என்று கட்டுரை எழுதுவதற்கு முன் இந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அண்ணல் அம்பேத்கர் குடிக்காதவர். ஆனால் அவர் தலைமையிலான பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் 1951 தேர்தல் அறிக்கை மதுவிலக்கைக் கடுமையாக எதிர்த்தது. அரசின் வருமானம் வீணாவது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நம்மில் பலர் கவனிப்பதில்லை: மதுவிலக்கால் மது வீட்டுத் தொழிலாகிவிட்டது, முன்பு ஆண்கள் மட்டும் குடித்தார்கள், இப்போது பெண்களும் குழந்தைகளும் குடிக்கும் நிலை வந்திருக்கிறது என்ற கவலை. தடையையும் எதிர்த்தார், குடியையும் கொண்டாடவில்லை. நம்முடைய நிலையும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்க முடியும்.

ஏனென்றால் தடை யாருடைய குடியையும் நிறுத்தவில்லை. பானை போன இடத்துக்கு டாஸ்மாக் வந்தது. 1983இல் தொடங்கிய நிறுவனம், 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கையில். இன்று ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் அரசுக்கு வருமானம். கூலியில் பாதி கடைக்குப் போகிற வீட்டுப் பெண்களை எங்கள் வேலையில் தினமும் சந்திக்கிறோம். அந்தக் கடைக்கும் காசில்லாதவர்களைத் தேடி பாக்கெட் வருகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்தது அதுதான். அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலும் நம் மக்கள். அவர்களைக் கொன்றது யாருடைய வீட்டு ஊறலும் அல்ல, தொழிற்சாலைக்கான மெத்தனால். தானியமோ வெல்லமோ புளித்தால் வருவது எத்தனால். மெத்தனால் உடலுக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது, உயிரையும் எடுக்கிறது. 'குடிகாரர்கள் செத்தார்கள், அதற்குப் பத்து லட்சமா?' என்று கேட்டவர்களுக்கு இந்த வேறுபாடு தேவைப்படவில்லை. நமக்குத் தேவை. அந்தச் சாவுகளுக்குப் பிறகு அதே மாதம் சட்டத்தைத் திருத்தி, உயிர்ப்பலிக்குக் காரணமானவர்களுக்கு ஆயுள் தண்டனைவரை கொண்டுவந்தார்கள். மெத்தனால் கடத்துகிறவன்மீது அது பாயட்டும். ஒரு குடம் ஊறல் வைத்திருக்கும் கிழவியையும் அதே கண்ணால் பார்க்கும் நாள் வந்துவிடக் கூடாது.

கடைசியில் தம்பியிடம் "வேண்டாம்" என்றோம். சொல்லக் கஷ்டமாக இருந்தது. அவனுடைய தங்கை இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு எழுதிவிட்டுக் காத்திருக்கிறாள். வீட்டில் ஒரு வழக்கு விழுந்தால் முன்நடத்தை விசாரணையில் என்ன ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. 1988இல் ஒரு பானைக்கு இந்தக் குடும்பம் ஒரு படிப்பை விலை கொடுத்தது. இன்னொரு படிப்பைக் கொடுக்க முடியாது. "ஃபிளாட்ல என்கூட இருக்கிற பையன் வருசா வருசம் போடுறான், அவனுக்கு ஒண்ணும் ஆகல" என்றான். உண்மைதான். அவன் வீட்டுக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள். சமத்துவம் இல்லை என்பதற்கு அதைவிடச் சின்ன, தெளிவான சான்று கிடைக்காது.

ஹாப்ஸையும் ஈஸ்ட்டையும் திரும்ப எடுத்துப் போனான். பார்லியை மட்டும் விட்டுப்போகச் சொன்னது அப்பத்தாதான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு அதை வறுத்த கேழ்வரகோடு சேர்த்துக் கொதிக்கவைத்து, கருப்பட்டி, சுக்கு, கிராம்பு, பட்டை போட்டு வடிகட்டினோம். கறுப்பாக, கொஞ்சம் கசப்பாக, சூடாக இருந்தது. "காரம் இருக்கு, போதை இல்ல. புள்ளைகளுக்கும் ஊத்து" என்று அப்பத்தாவே டம்ளரை நீட்டியது. சர்ச்சுக்குப் போகிறவர்களும் போகாதவர்களும் குடித்தோம். தம்பிக்கு ஏமாற்றம்தான். அவன் முகத்தில் தெரிந்தது. அதை மறைத்து எழுத விரும்பவில்லை.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் இப்படி ஒரு கைது நடந்தால் இவற்றை நினைவில் வையுங்கள். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். உறவினருக்குத் தகவல் தர வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும்வரை பெண்ணைக் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கான சூழலில் மட்டும், பெண் அதிகாரி மூலம், நடுவரின் முன் அனுமதியோடு செய்யலாம். இந்தப் பாதுகாப்பு 2005 சட்டத் திருத்தத்தில் வந்தது. அப்பத்தாவுக்கு அது இல்லை. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தலித் கிறிஸ்தவரைச் சட்டம் பட்டியல் சாதியில் சேர்ப்பதில்லை, ஆனால் பெண் என்றால் அது ஒன்றே போதும். வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். தேசிய உதவி எண் 15100.

வீட்டில் பாட்டி இருந்தால், அவர்கள் பானையைப் பற்றியும் கேளுங்கள். கேட்ட பிறகு பெருமைப்படுவதா கோபப்படுவதா என்று முடிவு செய்யலாம். எங்களுக்கு இன்னும் இரண்டும் சேர்ந்தேதான் இருக்கிறது.

ஜெய்பீம்.