இப்னு ஃபிர்னாஸின் வாலும் ஓசூர்க் காற்றும்

ஓசூர்வாசிகளுக்கு விமானம் ஒன்றும் புதிதன்று. பக்கத்திலேயே பேளகொண்டபள்ளியில் ஓடுதளம் இருக்கிறது. 1990களில் இத்தாலியின் பார்த்தெனாவியா வகைச் சிறு விமானங்கள் அங்கே பொருத்தி முடிக்கப்பட்டன. எல்லைக்கு அப்பால் யெலகங்காவில் ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் விமானக் கண்காட்சிக்கு இங்கிருந்து குடும்பம் குடும்பமாகப் போய் வருகிறார்கள். சிப்காட்டில் வேலை செய்யாத ஆள் உள்ள வீடு நம் தெருவில் அரிது. ஆனாலும் விமானம் யாரோ செய்வது, நமக்கு வாய்த்தது அதிலொரு திருகாணியைக் கடைவது என்ற நினைப்பு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது.

அந்த நினைப்போடுதான் கிருஷ்ணகிரி சாலையிலுள்ள ஒரு கல்லூரி மைதானத்துக்கு ஞாயிறு காலை போனோம். மாணவர்கள் தம் கையாலே செய்த சிறு விமானங்களின் போட்டி அது. பத்தாம் வகுப்பு முடித்த எங்கள் மகள் பிடித்த பிடிவாதத்தால் புறப்பட்டோம். பதினொன்றில் கணிதப் பிரிவு எடுத்து விமானப் பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. வணிகவியல் போதும், வீட்டிலிருந்தே கணக்கு எழுதலாம் என்பது நன்னியின் தீர்ப்பு. உறவினரில் பலரும் நன்னி பக்கம். நாங்கள் இருவரும் எந்தப் பக்கமும் வாக்களிக்காமல் நாள் கடத்திக்கொண்டிருந்தோம்.

மைதானம் பாதித் திருவிழா, பாதிப் பட்டறை. தெர்மாகோலும் பால்சா மரமும் கார்பன் குழாயும் பசையும் எங்கும் சிதறிக் கிடந்தன. ஒரு குழு வாழைத்தாரைப் போல வளைந்த ஒன்றைக் கொண்டுவந்திருந்தது; அது ஓடியது, குதித்தது, பறக்க மட்டும் மறுத்துவிட்டது. இன்னொன்றுக்கு இறக்கை இரண்டடுக்கு. வெயில் ஏறினால் தரைக்காற்று குழம்பும் என்பதால் காலையிலேயே எல்லாரும் அவசரப்பட்டார்கள். விதி எளிது: விமானம் எவ்வளவு சுமையைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று வந்து முழுதாக இறங்குகிறதோ அவ்வளவு மதிப்பெண். முழுதாக இறங்குவதுதான் கடினம் என்பது சிறிது நேரத்தில் எங்களுக்கும் விளங்கிவிட்டது.

வாணியம்பாடிப் பக்கத்து மாணவி ஒருத்தி ஹிஜாபைக் காற்றுக்குப் பறக்காதபடி இறுகக் குத்திக்கொண்டு ரிமோட்டைப் பிடித்திருந்தாள். சுமைக்கு இடம் வேண்டுமென்று அவளுடைய குழுவினர் பேட்டரியைப் பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள். விமானம் எழுந்தது, மூக்கை வானத்துக்குத் தூக்கியது, ஒரு கணம் அப்படியே நின்றது, பிறகு கல்லாக விழுந்தது. இறக்கை இரண்டாக முறிந்தது. கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. மூங்கில் குச்சியை முறிவில் செருகிப் பசையிட்டு ஒட்டுநாடாவைச் சுற்றினாள். எங்கள் மகள் அருகே போய், "ஏன்க்கா விழுந்துச்சு?" என்று கேட்டாள்.

"வால் பக்கம் கனமாயிடுச்சும்மா. மூக்கு தூக்கிக்கிட்டா வேகம் போயிடும், வேகம் போனா இறக்கை தாங்காது. இப்ப பேட்டரிய முன்னாடி வெச்சிட்டோம்." இறக்கைக்கு அடியில் இரு விரல்களைக் கொடுத்துத் தூக்கி, மூக்கு சற்றே தாழ்கிறதா என்று பார்த்தாள். மகளையும் பிடித்துப் பார்க்கச் சொன்னாள். இரண்டாம் சுற்றில் அது தள்ளாடியபடியே வட்டமடித்துப் புழுதி கிளப்பி இறங்கியது. பரிசு வேறு குழுவுக்குப் போனது.

வேப்பமரத்தடியில் பாய் விரித்து ளுஹர் தொழுதபின், கட்டிச் சென்ற சோற்றைப் பிரித்தோம். அப்போது பேச்சு அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் பக்கம் திரும்பியது. ரைட் சகோதரர்களுக்கு ஆயிரம் ஆண்டு முன்பே பறந்த முஸ்லிம் என்று வாட்ஸ்அப்பில் வாரந்தோறும் வருபவர் அவர்தான். ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவில் வாழ்ந்து 887இல் மறைந்த அறிஞர். நிலவின் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. அவர் பறந்ததை விரிவாக நமக்குச் சொல்பவர் வரலாற்றாசிரியர் அல்மக்கரீ. அவர் வாழ்ந்தது ஏழு நூற்றாண்டுகளுக்கும் மேல் பிந்தி. ஆகவே அளவோடு பெருமைப்படுவதே முறை. ஆனால் அந்தக் குறிப்பில் நம் பகிர்வுகள் விட்டுவிடும் ஒரு செய்தி உண்டு. உடலில் இறகு போர்த்தி, இறக்கை கட்டிப் பறந்தவர் இறங்கும்போது முதுகில் அடிபட்டார். பறவை இறங்குவதற்கு வால் வேண்டும் என்பதை அவர் கருதவில்லை என்கிறார் அல்மக்கரீ. அன்று காலை நாங்கள் கண்டதும் அதன் மறுபக்கம்தான். வால் இல்லாமலும் ஆகாது, வால் கனத்தாலும் ஆகாது. பறக்கும் பறவைகளை உற்றுநோக்கும்படி சூரா அல்முல்க் நம்மை அழைக்கிறது. அந்த மைதானத்தில் உற்றுநோக்கியவர்கள் ரிமோட் வைத்திருந்த பிள்ளைகளே. நாங்கள் பிரியாணியை நோக்கிக்கொண்டிருந்தோம்.

மத்ரஸாவில் அரபு பயின்றவர்களுக்கு 'அஸ்ஸிஹாஹ்' அகராதி தெரியும். அதைத் தொகுத்த அல்ஜவ்ஹரீ நைசாபூர்ப் பள்ளிவாசல் கூரையிலிருந்து மர இறக்கைகளோடு குதித்து இறந்தார் என்ற செய்தியும் உண்டு. இந்த ஆசை எந்த மார்க்கத்தாருக்கும் தனியுரிமை அன்று. 1910இல் சென்னை மவுண்ட் ரோட்டில் விடுதி நடத்திய கோர்சிகாக்காரர் டி ஆஞ்சலிஸ், சிம்சன் வண்டிப் பட்டறையில் தாமே ஒரு விமானம் செய்வித்துப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். சாரட்டு செய்த கைகள்தான் அதையும் செய்தன. லேத் பிடிக்கும் நம்மவர்கள் இதைச் சற்று யோசிக்கலாம்.

ஓசூருக்கு இன்னும் நெருக்கமான கதை அப்துல் கலாமுடையது. டேராடூனில் விமானப்படைத் தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்து விமானி ஆகும் வாய்ப்பை இழந்தவர், பிறகு பெங்களூரில் ஒரு சிறு குழுவோடு 'நந்தி' என்னும் ஹோவர்கிராஃப்டை உருவாக்கினார். காற்று மெத்தை மேல் தரையை விட்டுச் சற்றே எழும்பிச் செல்லும் ஊர்தி அது. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனை ஏற்றிக்கொண்டு கலாமே அதை ஓட்டினார். பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது. அதுவரை அங்கே யாரும் அப்படியொன்றைச் செய்ததில்லை. பார்த்துப் பழக முன்மாதிரியும் இல்லை.

வீடு திரும்பிய இரவு நன்னியிடம் மகள் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். விழுந்ததைச் சொன்னபோது, "அதான் சொன்னேன், வேணாம்" என்றார் நன்னி. இராமேசுவரத்துக் கதை என்றால் அவர் காது கொடுப்பார், சொந்த மண் அல்லவா? அதனால் கலாமின் சகோதரி ஸொஹ்ராவைப் பற்றிச் சொன்னோம். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. அத்தாவிடம் அவ்வளவு இல்லை. ஸொஹ்ரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார்.

நன்னி சிறிது நேரம் தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருந்தார். பேத்தியின் கல்யாணத்துக்கென்று அவர் சேர்த்துவைத்த வளையல்கள் நான்கு அலமாரியில் இருப்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"அவ தம்பிக்குக் குடுத்தா. பொம்பளப் பிள்ளைக்கு யாரு குடுத்தா?" என்றார்.

எங்களிடம் உடனடி விடை இல்லை. மகள்தான், "நீங்க குடுங்க நன்னி" என்றாள். நன்னி அவள் தலையில் செல்லமாகக் குட்டிவிட்டு இஷாவுக்கு ஒளூச் செய்ய எழுந்து போனார். பள்ளி விண்ணப்பத்தில் பிரிவு எழுத வேண்டிய கட்டம் அன்றிரவு வெறுமையாகவே இருந்தது. வியாழக்கிழமைதான் கடைசி நாள். புதன் காலை, "கணக்குப் பிரிவுன்னா டியூஷனுக்கு எவ்வளவு ஆகும்?" என்று நன்னியே கேட்டார்.