இரண்டடிக் கடல்

எங்கள் வீட்டிலிருந்து கோலா கெடா படகுத்துறைக்கு மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம். இருந்தும் கடல் உப்பைப் பாக்கெட்டில் காசு கொடுத்து வாங்குகிறோம். அம்மாவுக்கு இன்றுவரை இது ஆறவில்லை.

எஸ்.டி.பி.எம். தேர்வு முடிந்த விடுமுறையில்தான் அந்த ஆசை வந்தது. கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பிப் பவளம் வளர்க்க வேண்டும். முதல் வேலையாகப் படகுத்துறைக்குப் போய் நான்கு பெரிய போத்தல்களில் தண்ணீர் பிடித்து வந்தேன். மறுநாள் காலையில் ஒவ்வொரு போத்தலின் அடியிலும் விரல் கனத்துக்குச் சேறு. கெடா ஆறு கடலில் கலக்கும் இடம் அது. சேறும் நன்னீரும் கலந்த அந்தத் தண்ணீரில் கல் பவளம் பிழைக்காது. அதற்கு வடிகட்டிய தண்ணீரும், லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புக்கலவையும் வேண்டும். ஒப்படர்த்தி 1.025 இருக்க வேண்டும். இந்த எண் எனக்கு மறக்கவே மறக்காது. இராசேந்திர சோழன் நம் கடாரத்தின்மீது படையெடுத்த ஆண்டு 1025. நடுவில் ஒரு புள்ளி வைத்தால் போதும்.

"அந்தா இருக்கு பாயார் தீவு. போய் ஒரு துண்டு ஒடச்சிக்கிட்டு வா, எதுக்குக் காசு?" என்றார் மாமா. பாயார் 1994 முதல் சட்டப்படி கடல் பூங்கா. அங்கே பவளத்தை உடைத்தெடுப்பது குற்றம். அதுமட்டுமல்ல, கல் பவளங்கள் எல்லாமே சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை, நாடுவிட்டு நாடு போக அனுமதிச் சீட்டு வேண்டும். ஆகவே, தாய்ப் பவளத்திலிருந்து வெட்டி வளர்த்த இரண்டு துண்டுகளைக் கடையில் வாங்கினேன். ஒன்று ஹேமர், மற்றொன்று கேண்டி கேன். புதிதாகத் தொடங்குவோருக்கு ஏற்றவை என்று சொல்லப்படும் வகைகள் இவை.

"இந்தக் கல்லுக்கா அறுவது வெள்ளி?" என்றார் அம்மா.

கல் இல்லை, உயிர். நவமணியில் சேரும் சிவப்புப் பவளமும் இதுவும் வேறு வேறு. யாழ்ப்பாணத்திலும் இராமேசுவரத்திலும் முருகைக்கல் என்கிறார்களே, அந்தக் கல்லைக் கட்டுவது இந்த இனம்தான். தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தன் அடியில் தானே கல் வீடு கட்டிக்கொள்ளும். அதன் சதைக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கும். வெளிச்சத்தில் பாசி சமைத்துப் போடும் உணவில்தான் பெரும்பாலும் பவளம் வாழ்கிறது. இதையெல்லாம் விளக்க முடியாத அம்மா, மகன் 'பத்து காராங்' வளர்ப்பதாகப் பக்கத்து வீட்டு மாக்சிக்கிடம் சொல்லிவிட்டார். மலாயில் அச்சொல் சிறுநீரகக் கல்லையும் குறிக்கும். அன்று மாலையே மாக்சிக் எனக்கு இரண்டு இளநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அப்பா தொட்டிப் பக்கமே வரவில்லை. பீடோங் பக்கத் தோட்டம் ஒன்றில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, தோட்டம் துண்டாடப்பட்டதும் இங்கே காவலாளி வேலைக்கு வந்தவர். அதிகம் பேச மாட்டார். புதுத் தொட்டியில் முதலில் அமோனியா கூடும், அதைத் தின்னும் பாக்டீரியா பெருக ஒரு மாதமாவது காத்திருக்க வேண்டும் என்று அம்மாவிடம் நான் சொல்லிக் கொண்டிருந்தபோது மட்டும், "பாலு கட்டாம இருக்க ஊத்துவாங்களே, அந்த அமோனியாவா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

காத்திருந்துதான் பவளங்களை வைத்தேன். ஹேமரின் கொடுக்கு பக்கத்தில் இருப்பதைச் சுட்டுவிடும் என்று இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டேன். நம் ஊர் வெயிலில் தண்ணீர் 30 பாகையைத் தாண்டியது. சூடு சில வாரம் நீடித்தால் பவளம் உள்ளே இருக்கும் பாசியைத் துப்பிவிட்டு வெளுத்துப் போகும். 2010-இல் இப்படி வெளுத்ததால்தான் பாயாரில் முக்குளிக்கும் இடங்கள் சிலவற்றைக் கொஞ்ச காலம் மூடினார்கள். 2024-இல் உலகக் கடல்கள் பலவற்றிலும் இதே கதை. நான் ஒரு சின்ன விசிறியைத் தொட்டியின் மேல் பூட்டினேன். சூடு இரண்டு பாகை இறங்கியது. ஆனால் தண்ணீர் நாளுக்கு நாள் வற்றியது. வற்ற வற்ற, கரைத்து வைத்திருந்த உப்புத் தண்ணீரையே ஊற்றினேன்.

மூன்றாவது வாரம் ஹேமர் சுருங்கியது. பிறகு சதை நார்நாராகக் கழன்று, வெள்ளைக் கல் தெரிந்தது. ஏதேதோ மருந்து தேடினேன்.

"அளந்தியா?" என்றார் அப்பா, பின்னாலிருந்து.

முதல் நாள் அளந்ததோடு சரி. அளவுமானியைத் தேடிக் கொடுத்தேன். அவர் அதைத் தண்ணீரில் விட்டு, ஒரு சுற்றுச் சுற்றிக் குமிழிகளை உதறவிட்டார். பிறகு கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து அசையாமல் நின்றார். 1.032.

"தண்ணி சூடா இருந்தா இது கொறச்சுத்தான் காட்டும். நெசத்துல இன்னும் கூட. தண்ணிதான ஆவியா போவுது, உப்பு எங்க போவும்? வெறும் தண்ணிய இல்ல ஊத்தணும்!"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. இது எப்படித் தெரியும் என்று கேட்டபோதுதான் மெட்ரோலேக் பற்றிச் சொன்னார். பால்கொட்டாயில் அவர் சில காலம் வேலை செய்திருக்கிறார். ரப்பர் பாலில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, நுரையை வழித்துவிட்டு, அதில் மெட்ரோலேக்கை மிதக்கவிட்டுக் கோட்டைப் படிப்பார்கள். பாலில் எவ்வளவு ரப்பர் என்பது அந்தக் கோட்டில்தான் இருக்கிறது, மரம் வெட்டியவரின் கூலியும் அதில்தான். "மேலேருந்து குனிஞ்சி படிச்சா ஒரு கோடு தள்ளிப்போவும். ஒங்க பாட்டிக்கு எத்தன நாளு அப்பிடிப் போச்சோ" என்றார். நான் தமிழ்ப்பள்ளியிலும் தேசியப் பள்ளியிலும் படித்துப் படிவம் ஆறு வரை போனவன். நீர்மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் படிக்க வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் எனக்கும்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஒரே நாளில் உப்பைக் குறைத்தாலும் ஆபத்து. நான்கைந்து நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். ஹேமர் பிழைக்கவில்லை. கேண்டி கேன் பிழைத்தது. நடுவே பச்சையாக உப்பி நிற்கும் அதன் தலைகளைப் பார்த்து அப்பா அதற்குப் 'பட்டாணி' என்று பெயர் வைத்தார்.

பல்கலைக்கழகம் கிடைத்து நான் கிளம்பியபோது தொட்டி அவர் பொறுப்பானது. அதுவரை அப்பாவோடு தொலைபேசியில் பேச எனக்கு ஒன்றும் இருந்ததில்லை, "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவார். இப்போது இரவு ஒன்பதரைக்கு அவரே அழைப்பார். உப்பு இவ்வளவு, சூடு இவ்வளவு, காரத்தன்மை எட்டரை.

இரண்டாம் ஆண்டில் ஓர் இரவு புயல்மழையில் மின்சாரம் போனது. பம்பு நின்றால் தண்ணீரில் உயிர்வளி குறைந்துகொண்டே போகும். விடுதியில் இருந்து நான் பதறினேன். "மொண்டு மொண்டு மேலேருந்து ஊத்துறேன், நீ தூங்கு" என்றார்.

"எதுல மொள்றீங்கப்பா? அந்தப் பழைய மங்குலயா?"

"போடா, அதுல அமோனியா பட்டிருக்கும். குளிக்கிற கப்புல."

விடியற்காலை நான்கு மணிக்கு மின்சாரம் வந்ததாக அம்மா சொன்னார். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றை அடுத்த வாரமே வாங்கி அனுப்பினேன். முதலிலேயே வாங்கியிருக்க வேண்டியது.

வாங்கும்போது பட்டாணிக்கு நான்கு தலை. ஒரு தலை மெல்ல நீண்டு, நடுவில் ஒடுங்கி, இரண்டு வாயாகி, மாதக்கணக்கில் இரண்டாகப் பிரியும். நேற்று இரவும் அழைப்பு வந்தது.

"ஏழாவது ஒன்னு பிரியற மாதிரி தெரியுது தம்பி. கண்ணாடி பக்கத்துல ஒக்காந்து பாத்தேன், ரெண்டு வாயிதான். லீவுக்கு வர்றப்ப உப்பு ஒரு பாக்கெட்டு வாங்கிக்கிட்டு வா. அம்மாகிட்ட வெல சொல்லாத."