உள்ளே விட்ட துணி

இத்தாலியில் ஃபேஷன் படிக்கிறேன் என்று சொன்னால் கிள்ளானில் என் உறவினர்கள் முதலில் கேட்பது, "மாடலிங்கா?" அடுத்துக் கேட்பது, "அதுக்கு ஏன் அவ்ளோ தூரம்?" இரண்டாவது கேள்விக்கு இன்னும் என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. முதல் கேள்விக்கு உண்டு. ஃபுளோரன்ஸுக்கு வந்த நாள் முதல் நான் அதிகம் செய்திருக்கும் வேலை, தைத்ததைப் பிரிப்பது. வெட்டுவேன், தைப்பேன், ஆசிரியை பார்ப்பார், பிரிப்பேன். என் மேசையில் கத்தரிக்கோலைவிட அதிகம் தேய்ந்திருப்பது பிரிக்கும் ஊசிதான்.

ரிஃப்ரெடி என்ற பகுதியில் மூன்று பேர் சேர்ந்து எடுத்த வீட்டில் இருக்கிறேன். ஊரின் அழகான பகுதி அல்ல. சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கும் செங்கல் நிறக் குவிமாடம் இங்கிருந்து தெரியாது. காலை ஆறரைக்கு எழுந்து அடுப்பில் மோக்கா பாத்திரத்தை வைத்துவிட்டுக் குளிக்கப் போவேன். பிறகு டி1 டிராம். ஒன்பது மணிக்கு வகுப்பு. எல்லாரும் நின்றுகொண்டே வேலை செய்வோம். உயரமான மேசை, பழுப்புத்தாள், நீண்ட அளவுகோல், பென்சில். முதல் சில வாரங்கள் பாவாடை மட்டும்தான். துணியைத் தொடுவதற்கு முன் தாளில் வரைய வேண்டும். அந்தத் தாளை இங்கே 'கார்த்தமொதெல்லோ' என்கிறார்கள். அரை சென்டிமீட்டர் பிசகினால் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து.

செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் இன்னும் சீக்கிரம் கிளம்புவேன். ஆர்னோ நதிக்கரையில் காஷினே பூங்காவில் அன்று காலைச் சந்தை. வெளுக்காத பருத்தித் துணியை அங்கே மீட்டர் கணக்கில் வாங்குவேன். வாங்கும் ஒவ்வொரு மீட்டரையும் ஐந்தால் பெருக்கி ரிங்கிட்டில் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. போகக்கூடாது என்றும் நினைக்கிறேன். போர்ட் கிள்ளானில் லாரி ஓட்டும் அப்பா, தன் ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்துக் கொடுத்த பணம் அது.

வந்த எட்டு வேலை நாள்களுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், இத்தாலியில் நான் முதலில் வரிசையில் நின்ற இடம் அருங்காட்சியகம் அல்ல, தபால் நிலையம். 16 யூரோ முத்திரைத்தாள், பாரங்களின் நகல்கள், பிறகு போலீஸ் அலுவலகத்தில் கைரேகை. கைரேகை எடுத்தவர் என் விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்தார். ஊசி குத்திய தழும்புகளில் ரேகை சரியாகப் பதியவில்லை. "என்ன வேலை?" என்றார். மாணவி என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

அந்தத் தழும்புகளில் பாதி இங்கே வாங்கியவை அல்ல. அம்மா கிள்ளானில் வீட்டு முன்னறையில் பிளவுஸ் தைப்பவர். தீபாவளிக்கு இரண்டு மாதத்திற்கு முன்பே ஜாலான் தெங்கு கிளானாவில் சேலை வாங்கிய கையோடு பெண்கள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நான் எட்டு வயதிலிருந்து கொக்கி தைத்திருக்கிறேன். ஆனால் இந்தப் பள்ளிக்கு விண்ணப்பித்தபோது எழுதிய நோக்கக் கடிதத்தில் அம்மாவின் தையல் மெஷின் வரவே இல்லை. பாட்டியின் பட்டுச் சேலை, கோயில் கோபுரத்தின் வண்ணங்கள், பாரம்பரியம் என்றெல்லாம் எழுதியிருந்தேன். பாட்டியிடம் ஒரே ஒரு பட்டுச் சேலைதான் இருந்தது. அதையும் அடகுக் கடைக்காரர் எடுத்துக்கொள்ளாததால்தான் மிஞ்சியது. பெற்றோர் தொழில் என்று கேட்ட இடத்தில் அம்மாவுக்கு 'இல்லத்தரசி' என்று போட்டேன். யாரும் அப்படிப் போடச் சொல்லவில்லை. நானேதான் போட்டேன்.

முதல் பருவத் தேர்வுக்கு ஒரு மேல்சட்டை தைக்க வேண்டியிருந்தது. எல்லாருக்கும் ஒரே அளவு, இத்தாலிய 42. வகுப்பில் நிற்கும் பொம்மையின் அளவு அது. என் தையல் நன்றாக இருப்பதாகவே நினைத்தேன். ஆசிரியைக்கு அறுபது வயதிருக்கும். சட்டையை வாங்கியவர் முன்பக்கத்தைப் பார்க்காமல் நேராக உள்பக்கத்தைத் திருப்பினார். பக்கவாட்டுத் தையலில் ஓர் இஞ்ச் துணி விட்டிருந்தேன். சிவப்புப் பென்சிலால் அதைச் சுழித்துவிட்டு, "இது யாருக்கு?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. ஒரு சென்டிமீட்டர் போதும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள்தான். என் கை அதைக் கேட்கவில்லை. அவர் கோபப்படாமல் கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டு பக்கத் தையல், நான்கு விளிம்பு. விளிம்புக்கு ஒன்றரை சென்டிமீட்டர் அதிகம் என்றால் ஒரு சட்டைக்கு ஆறு சென்டிமீட்டர். ஆயிரம் சட்டைக்கு 60 மீட்டர். "தொழிற்சாலையில் இந்தத் தவற்றுக்கு உன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்." 30-க்கு 21 போட்டார். 18 எடுத்தால்தான் தேர்ச்சி.

அவர் சொன்னதில் தவறில்லை. பொம்மை குண்டாவதில்லை.

அன்றிரவு பத்து மணிக்கு அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே விடியற்காலை ஐந்து. அம்மா எழுந்து வாசல் விளக்கைப் போடும் நேரம். நடந்ததைச் சொன்னேன்.

"ஓர் இஞ்ச் விட்டதுக்கா மார்க்கக் கொறச்சாங்க?"

"வேஸ்ட்டுங்கிறாங்கம்மா."

"அதெப்படி வேஸ்ட்டு? கல்யாணத்துக்குத் தச்ச பிளவுஸ, புள்ள பெத்த பொறவு தூக்கிப் போட்டுடுவாளா? ஒடம்பு அப்படியேவா இருக்கும்? மூணு தையல் போட்டுக் குடுத்தா, அவளே ஒண்ணொண்ணாப் பிரிச்சுக்குவா. நம்மகிட்ட வரணும்னு கூட இல்ல."

அம்மா பக்கவாட்டில் மூன்று வரிசை தைப்பார். முதல் வரிசை இன்றைய உடம்புக்கு. அடுத்தடுத்த இரண்டும் பின்னால் வரப்போகும் உடம்புக்கு. உள்வரிசையைப் பிரித்தால் ஒரு சுற்று தளரும். சின்ன வயதில் நான் இதைத் தையல் உறுதிக்காக என்று நினைத்திருந்தேன். இருபத்திரண்டு வயதில், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், மதிப்பெண் போன பிறகுதான் அது என்னவென்று கேட்டிருக்கிறேன்.

ஃபேஷன் வரலாற்று வகுப்பில் ஒருநாள் 1951-ஆம் ஆண்டு பற்றிப் பாடம். அந்தப் பிப்ரவரி 12-ஆம் தேதி ஜொவான்னி பத்திஸ்தா ஜோர்ஜினி என்ற வணிகர் ஃபுளோரன்ஸில் தன் வீட்டிலேயே அமெரிக்கக் கடைக்காரர்களை உட்காரவைத்து இத்தாலிய உடைகளைக் காட்டினார். அதுவரை பாரிஸைப் பார்த்து நகலெடுத்த நாடு என்ற பெயர் மாறத் தொடங்கியது. அடுத்த ஆண்டே காட்சி பிட்டி அரண்மனையின் வெள்ளை மண்டபத்துக்குப் போய்விட்டது. அந்த வீட்டில் முதல் நாள் உடை காட்டியவர்களில் ஃபொந்தானா சகோதரிகளும் இருந்தார்கள். ஹாலிவுட் நடிகைகளுக்கு உடை தைத்துப் பேர் வாங்கியவர்கள். பார்மா நகருக்கு அருகே ஒரு சிற்றூரில் தையல் தொழில் செய்த அம்மாவிடம் தொழில் கற்றவர்கள். ஆசிரியர் அதைப் பெருமையாகச் சொன்னார். புத்தகத்திலும் அது பெருமையாகத்தான் இருந்தது. நான் என் நோட்டில் குனிந்து ஏதோ எழுதுவதுபோல் இருந்தேன். இவர்கள் வரலாற்றின் முதல் வரியில் வைப்பதைத்தான் நான் விண்ணப்பத்தில் அடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

மார்ச் மாதம் எங்களைப் பிராத்தோவுக்கு அழைத்துப் போனார்கள். ரயிலில் அரை மணி நேரம்கூட இல்லை. பழைய நெசவாலை ஒன்றை மாற்றி அமைத்த துணி அருங்காட்சியகத்தைக் காலையில் பார்த்தோம். மதியம் கந்தல் துணி பிரிக்கும் கிடங்கு. உலகின் பல நாடுகளிலிருந்து பழைய கம்பளி உடைகள் இங்கே பொதி பொதியாக வருகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இந்த ஊரின் பிழைப்பு இதுதான். பொத்தான், ஜிப், உள்துணி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு நிறம் நிறமாகப் பிரிக்கிறார்கள். பிறகு அரைத்து, நார் ஆக்கி, மறுபடி நூற்கிறார்கள். நிறம் பார்த்துப் பிரிப்பதால் பெரும்பாலும் சாயம் போடவும் தேவைப்படுவதில்லை.

அங்கே ஒரு பெரியவர் வேலை செய்துகொண்டிருந்தார். துணியைப் பார்க்கக்கூட இல்லை. விரலால் தடவி, கம்பளியா கலப்படமா என்று முடிவு செய்து வீசிக்கொண்டே இருந்தார். நாங்கள் சுற்றி நிற்பதைப் பார்த்து ஒரு பழைய கோட்டை எடுத்து உள்துணியைக் கத்தியால் கிழித்துக் காட்டினார். உள்ளே மூன்று விரல் அகலத்துக்குத் துணி மடிந்திருந்தது. பழைய தையல் ஓடிய இடத்தில் ஊசித்துளைகள் ஒரு கோடாகத் தெரிந்தன. அதற்கு வெளியே புதிய தையல். யாரோ இதைப் போட்டுக்கொண்டே பருத்திருக்கிறார். யாரோ அதைப் பிரித்து விட்டுக் கொடுத்திருக்கிறார். பெரியவர் 'சர்த்தா' என்று ஒரே சொல் சொன்னார். தையல்காரி.

பிறகு பக்கத்துப் பொதியிலிருந்து புதுசாகத் தெரிந்த ஒரு கோட்டை எடுத்துக் கிழித்தார். உள்ளே ஒன்றும் இல்லை. நூல் பிசிறுதான்.

ஊருக்குத் திரும்பும் முன் தொழிற்பேட்டை வழியாகப் பேருந்து போனது. சீனர்கள் நடத்தும் தையல் கூடங்கள் நிறைந்த பகுதி. 2013 டிசம்பர் 1, ஒரு ஞாயிறு காலை, அங்கே ஒரு கூடத்தில் தீப்பிடித்து ஏழு சீனத் தொழிலாளர்கள் இறந்தார்கள். தைத்த இடத்திலேயே தடுப்பு அடித்த சிற்றறைகளில் படுத்திருந்தவர்கள். ஆசிரியை இதைச் சொன்னபோது பேருந்தில் யாரும் பேசவில்லை. எனக்கு ஆயா சொல்லும் தோட்டத்து லயம் ஞாபகம் வந்தது. வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே படுக்கை கொடுப்பவர்கள் அதை எப்போதும் வசதி என்றுதான் சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் கோட்டைக் கழற்றிப் பார்த்தேன். வந்த முதல் குளிர்காலத்தில் 25 யூரோவுக்கு வாங்கியது. 'மேட் இன் இத்தாலி' என்று சீட்டு இருந்ததால் அதைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டிருந்தேன். சித்தி பதினாறு இதயங்கள் அனுப்பியிருந்தார். உள்துணியின் ஓரத்தில் நாலு தையலைப் பிரித்து விரலை விட்டேன். பிசிறுதான். யார் தைத்தது, எங்கே படுத்தார், ஒரு கோட்டுக்கு எவ்வளவு கிடைத்தது என்று அந்தச் சீட்டில் எதுவும் இல்லை. நாலு தையலையும் மறுபடி போட்டு மூடினேன். குளிருக்கு அதைத்தான் இன்றும் போடுகிறேன். எனக்கு வேறு கோட்டு இல்லை.

ஆண்டு இறுதிக்கு எங்கள் விருப்பம்போல் ஓர் உடை. பொம்மைக்குத் தைக்க வேண்டாம், ஓர் ஆளுக்குத் தைக்கலாமா என்று கேட்டேன். ஆசிரியை மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். "யாருக்கு?"

"என் அம்மாவுக்கு. அவர் தையல்காரர்." இத்தாலிய மொழியில் இரண்டு சிறிய வாக்கியங்கள். ஒன்றரை ஆண்டாக நான் சொல்லாதவை.

"அளவு இருக்கிறதா?" என்றார்.

இல்லை. அம்மாவின் அளவு நோட்டில் கிள்ளானில் பாதிப் பெண்களின் அளவு இருக்கும், அவருடையது இருக்காது. தனக்கானதை எல்லாருக்கும் முடித்த பிறகு, தீபாவளிக்கு முந்தைய இரவில் கண்ணளவில் வெட்டிக்கொள்வார். இத்தாலிய 42-இன் எல்லா அளவும் எனக்கு மனப்பாடம். அம்மாவின் தோள் அகலம் தெரியாது.

அப்பாவிடம் டேப்பைக் கொடுத்து அளக்கச் சொன்னேன். முப்பது வருஷத்தில் அந்த டேப்பை அவர் தொட்டதே இல்லை. வீடியோவில் பார்த்தேன். அப்பா டேப்பைப் பாம்பைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தார். அம்மா சிரித்துக்கொண்டே, "அந்தப் பக்கம்ங்க, தலகீழாப் பிடிச்சிருக்கீங்க" என்றார். மார்பு 34 என்றார் அப்பா. மறுபடி அளங்கப்பா என்றேன். 34 தான். எனக்கு நினைவிருந்த அம்மா 38.

"ஏம்மா இவ்ளோ எளச்சிட்ட?"

"சீனிதான். மாத்திர போடுறேன். ஒனக்குப் பரீட்சன்னு சொல்லல."

அப்பா டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேமராவிலிருந்து நகர்ந்தார்.

உடம்பு பெருக்கும் என்று நினைத்துத்தான் உள்ளே துணி விடுகிறோம். வற்றும் என்று யாரும் துணி விடுவதில்லை. அன்று இரவு தாளில் கோடு போட்டுக்கொண்டு நெடுநேரம் நின்றேன். கடைசியில் 34-க்கே தைத்தேன். ஆனால் பக்கத்தில் இரண்டு இஞ்ச் விட்டு, மூன்று வரிசை போட்டேன். மாத்திரை வேலை செய்து அம்மா மறுபடி 38-க்கு வந்தால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆசிரியை உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். இந்த முறை சிவப்புப் பென்சிலை எடுக்கவில்லை. ஆயிரம் உருப்படிக்கு எவ்வளவு துணி என்று நானே சொன்னேன். "ஒன்றுதானே தைத்தாய்" என்றார்.

முடித்ததும் அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். கழுத்தைக் காட்டினேன், கையைக் காட்டினேன், ஜன்னல் வெளிச்சத்தில் நிறத்தைக் காட்டினேன். அம்மா எதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

"உள்பக்கத்தத் திருப்பு."

திருப்பினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைப்பேசியை முகத்துக்கருகே கொண்டுபோனார். திரையில் அவர் நெற்றி மட்டும் தெரிந்தது.

"மூணாவது தையல் கோணலாப் போயிருக்கு. பிரிச்சுத் தை. பார்சல் அப்புறம் போடலாம்."

இப்போது பிரித்துக்கொண்டிருக்கிறேன்.