மூன்று கோட்டுக்குள் ஒரு கிராங்க்

யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் தயாரிப்பு 1996-லேயே நின்றுபோனது. ஆனால் சென்னை புதுப்பேட்டைச் சந்து ஒன்றில், கிராங்க் வேலைக்குப் பேர்போன ஒரு லேத் பட்டறையின் மேஜை முழுக்க அந்த வண்டியின் கிராங்குகள்தான். ஒவ்வொன்றிலும் கம்பியால் கட்டிய அட்டையில், கொடுத்துவிட்டுப் போன மெக்கானிக்கின் பெயர்.

பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் இந்தக் கிராங்கில் போல்ட், நட்டு, வெல்டிங் எதுவும் கிடையாது. இரண்டு இரும்புச் சக்கரங்கள், அவற்றை இணைக்கும் கிராங்க் பின், பின்னில் ஊசி பேரிங்கோடு கனெக்டிங் ராடு. சக்கரத்தின் துளையைவிடப் பின் மயிரிழை பருமன் கூடுதல். அந்த இறுக்கம் ஒன்றே எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கிறது. ராடு சத்தம் வந்தால் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் பழைய பின்னைத் தள்ளி, புது ராடு கிட் ஏற்ற வேண்டும்.

“பாதி கிராங்க் எஞ்சினைப் பிரிக்கிறப்பவே கெட்டுப்போய்த்தான் சார் இங்க வருது” என்றார் பட்டறைக்காரர். எஞ்சின் கேஸைப் பிரிக்க, சக்கரத்திலிருந்து நீளும் கிராங்க் தண்டின் முனையில் சுத்தியால் போடுகிறார்கள். அடி நேரே சக்கரத்துக்குப் போய், பின்னுக்கு எதிர்ப்புறம் இரண்டு சக்கரங்களும் நெருங்கிவிடுகின்றன. இதைத் தடுக்க ஒரு புல்லர் போதும். கெட்டியான தகடு, கேஸில் முடுக்க இரண்டு போல்ட், நடுவில் தண்டைத் தள்ளும் திருகு. அவரே கடைந்து செய்து வைத்திருக்கிறார். கேட்டு வருகிற மெக்கானிக்குகளுக்கு இரவலும் தருகிறார்.

பின் ஏற்றுவது சில நிமிட வேலை. நேர்ப்படுத்துவதில்தான் நேரம் போகிறது. லேத்தின் இரு சென்டருக்கு நடுவே கிராங்கைப் பிடித்து, தண்டின் மேல் டயல் கேஜ் முள்ளை வைத்துக் கையால் மெல்லச் சுழற்றுகிறார். ஒரு கோடு என்பது 0.01 மி.மீ. உதவிக்கு நிற்கும் பையனிடம் “எத்தனை தம்பி?” என்கிறார். “எட்டு காட்டுதுண்ணே.” மேடு பின்னுக்குப் பக்கவாட்டில் வந்தால் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று திரும்பியிருக்கின்றன என்று அர்த்தம், விளிம்பில் செம்புச் சுத்தியால் ஒரே தட்டு. சக்கரங்கள் நெருங்கியிருந்தால் இடையில் ஆப்பு, விரிந்திருந்தால் வைஸில் ஒரு இறுக்கு. மறுபடி டயல். எட்டு ஐந்தானது, ஐந்து இரண்டானது. இரு பக்கமும் மூன்று கோட்டுக்குள் நிற்காத கிராங்கை அவர் கையிலிருந்து விடுவதில்லை.

இவ்வளவு கண்டிப்பு தேவையா என்று கேட்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கலாம். இந்த எஞ்சின் முழுச் சக்தி தருவது நிமிடத்துக்கு 7500 சுற்றில். அதாவது நொடிக்கு 125 சுற்று. கோணல் கிராங்க் அத்தனை முறையும் பேரிங்கை உலுக்கும். புது பேரிங்கும் புது பிஸ்டனும் போட்ட வண்டி கொஞ்ச நாளிலேயே அதிர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் பழைய வண்டியில் ராடு சத்தம் கேட்டால், எஞ்சினில் கை வைக்கும் முன்பே மெக்கானிக்கிடம் புல்லர் இருக்கிறதா, கிராங்கை டயலில் பார்த்துத்தான் மாட்டுவாரா என்று கேளுங்கள். கிராங்கை நேர்ப்படுத்தும் கூலியில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.