பேரன் விளையாடிய அறை

ஆண்டிபட்டியில் எங்கள் வீட்டுக்கு நிலவறை கிடையாது. தெருவில் யாருக்குமே கிடையாது. பென்சில்வேனியாவில் மகன் வீட்டுக்குப் போனபோது, தரைக்குக் கீழே இருந்த பேஸ்மென்ட் அறையில்தான் எங்களுக்குப் படுக்கை போட்டிருந்தான். சத்தமே இல்லை, நல்ல தூக்கம்.

மூன்றாவது வாரம் பக்கத்து வீடு விலைக்கு வந்தது. வாங்க வந்தவர்கள் ரேடான் சோதனை கேட்டார்களாம். "நாம வாங்குற அவசரத்துல அதைப் பார்க்கவே இல்லையே மாமா" என்றாள் மருமகள்.

அப்போதுதான் விவரம் கேட்டேன். மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைந்து சிதைந்து வருகிற வாயு ரேடான். நிறமில்லை, வாசனையில்லை. நம் ஊரில் பாழுங்கிணற்றில் இறங்குமுன் அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள்; அணைந்தால் இறங்கமாட்டார்கள். இதற்கு விளக்கும் அணையாது. குளிர்காலத்தில் வீட்டின் சூடான காற்று மேலே ஏற, அடியில் தரை விரிசல் வழியாக மண்ணுக்குள் இருக்கும் காற்றை வீடு உறிஞ்சிக்கொள்கிறது. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரலாம். புகைபிடித்தவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. நான் இருபத்தைந்து வருடம் சிகரெட் குடித்தவன்.

"காசு குடுத்து ஊதினப்ப வராத பயம் இப்ப எங்கிருந்து வந்துச்சு?" என்றாள் என் மனைவி.

இது ஊருக்குத் தெரியவந்த கதையும் அந்த மாநிலத்தில்தான் நடந்தது. 1984 டிசம்பரில், லிமெரிக் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த பொறியாளர் ஸ்டான்லி வாட்ரஸ் கதவருகே வந்தாலே கதிர்வீச்சு அலாரம் அடித்தது. மின் உற்பத்தியே தொடங்காத நிலையம் அது. தேடிப்போனால், அவர் அதைத் தன் வீட்டிலிருந்து சுமந்து வந்திருக்கிறார்! வீட்டுக் காற்றில் லிட்டருக்குச் சுமார் 2,700 பிக்கோக்யூரி. 4-ஐத் தொட்டாலே சரிசெய்யச் சொல்கிறது அமெரிக்க அரசு.

மகன் கரித்தூள் அடைத்த சிறு டப்பாவை வாங்கி வந்தான். ஜன்னல்களை மூடி, பேஸ்மென்ட்டில் இரண்டு நாள் திறந்துவைத்து, ஆய்வகத்துக்குத் தபாலில் அனுப்பினோம். முடிவு 11.

மருமகள் ஒன்றும் பேசவில்லை. பேரன் நடக்கப் பழகியதிலிருந்து ஐந்து வருடமாக விளையாடியது அந்த அறையில்தான். அன்றிரவே பொம்மைகளை எல்லாம் மேலே கொண்டுவந்தாள். நாங்கள் ஹாலில் படுத்தோம்.

வேலை அரை நாள்தான். கான்கிரீட் தரையில் துளை போட்டு, பிவிசி குழாய் இறக்கி, கூரைக்கு மேல்வரை ஏற்றினார்கள். நடுவில் ஒரு விசிறி. இரவும் பகலும் ஓடவேண்டும். மண்ணின் காற்றை வீட்டுக்குள் வருமுன்னே உறிஞ்சி வெளியே விடுகிறது, நம் அடுப்படிப் புகைபோக்கி மாதிரி. விரிசல்களையும் பூசி அடைத்தார்கள்.

குழாயில் ஒரு சின்னக் கண்ணாடி வளைவு, உள்ளே சிவப்புத் திரவம். கொத்தனார் டியூப் லெவலில் இரண்டு பக்கமும் சமமாக நின்றால் சரி. இதில் சமமாக நின்றால் விசிறி நின்றுவிட்டது என்று அர்த்தம். மறுசோதனையில் 1.4 வந்தது. அப்படியும் தினம் காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய் அதைப் பார்ப்பேன்.

ஊர் திரும்பி எட்டு மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது இப்போதும் கேட்கிறேன், "தண்ணி ஏத்த இறக்கமாத்தானேப்பா நிக்குது?" பேரன் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறான்.