பட்டணத்தில் ஒரு தோட்டத்துச் சாப்பாடு

தோட்டத்துச் சாப்பாட்டுக்கு இப்போது பட்டணத்தில் நல்ல மவுசு வந்திருக்கிறது, வாசகர்களே. டின் மீன் கறிச் சோற்றைப் பள்ளிக்கூடத்தில் திறக்கக் கூச்சப்பட்டு, மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிட்ட லயத்துப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் இப்போது இந்தப் பக்கத்தைப் படித்துக் கொண்டிருக்கலாம். அதே கறிக்கு இன்று கோலாலம்பூரில் மேசை கிடைக்க வரிசை பிடித்து நிற்கிறார்கள் என்றால் நமக்குப் பெருமைதானே?

மகன் அப்படித்தான் நினைத்து, ஒரு சனிக்கிழமை இரவு என்னையும் இவரையும் அழைத்துப் போனான். மருமகளோடு நான்கு பேர். கடையின் பெயர் வேண்டாம். இளம் பிள்ளைகள் நடத்துகிறார்கள், பிழைத்துப் போகட்டும்.

உள்ளே நுழைந்ததும் காண்டா வாளி வரவேற்றது. பால் மங்குகளில் செடி வைத்திருந்தார்கள். எங்கள் மேசைக்கு மேலே சுவரில் பால் வெட்டும் கத்தி ஒன்று. இருபத்தெட்டு வருஷம் அந்தக் கத்தியைப் பிடித்தவள் நான். அதைத் தலைக்கு மேல் மாட்டிக்கொண்டு சாப்பிட என்னவோ போலிருந்தது. இவர் மெல்ல என் காதருகில் வந்து, "பேர் கூப்பிடக் கிராணி வரலையா?" என்றார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

சாப்பாட்டுப் பட்டியல் கைப்பேசியில்தான் வரும் என்றார்கள். மருமகள் படித்துச் சொன்னாள். டின் மீன் கறி 26 வெள்ளி. கருவாட்டுப் பிரட்டல் 28. அவித்த மரவள்ளிக் கிழங்கும் சம்பலும் 18. விலையை விடுங்கள், பட்டணத்தில் கடை வாடகை அப்படி. சாப்பாடு வந்த பிறகுதான் எனக்கு மனசு கசந்தது.

டின் மீன் கறியில் மீனைக் காணவில்லை! கொதிக்கக் கொதிக்கக் கிளறித் தூள் தூளாக்கி, சர்க்கரையும் தக்காளிச் சாறும் ஊற்றி இனிப்பாக்கி வைத்திருந்தார்கள். உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. டின்னுக்குள் இருக்கும்போதே அந்த மீன் வெந்துவிட்டது. புளியும் மிளகாய்த்தூளும் நன்றாகக் கொதித்துப் பச்சை வாசனை போன பிறகு, கடைசியில் மீனை இறக்கிச் சட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் போதும். கரண்டி படக்கூடாது.

அந்தக் கறி நம் வீடுகளுக்கு வந்த காரணம் ருசி மட்டும் இல்லையே. லயத்தில் குளிர்சாதனப் பெட்டி ஏது? மீன்காரர் எல்லா நாளும் வரமாட்டார். தோட்டத்துக் கடையில் கணக்குப் புத்தகத்தில் எழுதிவிட்டு ஒரு டின் வாங்கி வந்தால் கெடாமல் இருக்கும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்று இருட்டிலேயே நிரைக்கு ஓடுகிறவள், ராத்திரி வைத்த கறியைத்தான் காலையில் தூக்குச்சட்டியில் போட்டு எடுத்துப் போவாள். மறுநாள் அது இன்னும் நன்றாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

கருவாட்டை உப்பு இறங்க ஊறவைக்கவே இல்லை. இரண்டு வாய்க்குப் பிறகு மருமகள் தண்ணீர் கேட்டாள். ரசத்தைச் சின்னக் கண்ணாடிக் குவளையில் கொண்டு வந்தார்கள், ஆறிப் போயிருந்தது. முருங்கைக்கீரை பரவாயில்லை, அதில் குறை சொல்ல மாட்டேன்.

மரவள்ளியைத்தான் என்னால் தொட முடியவில்லை. கிழங்கு வேகாதது ஒரு பக்கம் இருக்கட்டும். மகிழ்ச்சியான தோட்ட நாள்களின் ருசி என்று அதற்குக் கீழே எழுதியிருந்ததாம். ஜப்பான்காரன் ஆண்ட 1942 முதல் 1945 வரை அரிசி கிடைக்காமல் சனங்கள் மரவள்ளியைத் தின்றுதான் உயிர் பிடித்தார்கள். தோட்டத்து ஆண்களைச் சயாம் ரயில் பாதை போட ஏற்றிப் போனதும் அந்தக் காலத்தில்தான், திரும்பாதவர்கள் ஆயிரக்கணக்கில். என் அம்மா அப்போது சிறுமி. பிற்காலத்தில் அரிசிக்குக் குறைவில்லாதபோது, கடைசிவரை மரவள்ளியை வீட்டுக்குள் சேர்க்கவில்லை அவர். அந்த வாசனையே ஆகாது. யாருடைய மகிழ்ச்சியான நாள்களை இவர்கள் தட்டில் வைத்து விற்கிறார்கள்?

பில் வந்தது. சாப்பாடு 150 வெள்ளி, சேவைக் கட்டணம் 10 விழுக்காடு 15 வெள்ளி, சேவை வரி 6 விழுக்காடு 9 வெள்ளி. மொத்தம் 174. நம்மில் பலர் கடைசி இரண்டையும் அரசாங்க வரி என்றே நினைத்துக் கொடுத்துவிடுகிறோம். 2018 செப்டம்பரில் திரும்ப வந்த அந்த 6 விழுக்காடுதான் அரசாங்கத்துக்குப் போகிறது. அதுவும் ஆண்டுக்கு 15 லட்சம் வெள்ளிக்கு மேல் வியாபாரம் செய்யும் கடைகள் வாங்குவது. 10 விழுக்காடு கடை தானாகப் போடுவது. எங்களுக்குப் பரிமாறிய பையனுக்கு அதில் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். 2025இல் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி சொச்சம். அந்த ஒரு வேளைச் சாப்பாடு இரண்டரை நாள் கூலிக்கு மேல்.

கிளம்பும் நேரத்தில் கடைக்கார இளைஞன் வந்து, "எப்படி இருந்தது அங்கிள்?" என்றான்.

"நல்லா இருக்கு தம்பி" என்றார் இவர். என் சமையலைத் தவிர வேறு எந்தச் சாப்பாட்டையும் இவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, மீனைக் கடைசியில போடணும்பா. கருவாட்டை ஊற வைக்கணும். அந்த மரவள்ளிக்குக் கீழே எழுதியிருக்கிறதை எடுத்துடுப்பா" என்று காரணத்தோடு சொன்னேன். மகன் என் காலை மிதித்தான். அந்தப் பையன் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"எங்க பாட்டியும் தோட்டத்துல பால் வெட்டினவங்கதான் ஆன்ட்டி. அவங்க படம்தான் அதோ வாசல்ல மாட்டியிருக்கேன்."

"இருக்காங்களா?"

"இருக்காங்க. கிள்ளான்ல, சித்தப்பா வீட்டுல."

"இங்க வந்து சாப்பிட்டிருக்காங்களா?"

பையன் இல்லையென்று தலையாட்டினான். இவர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு, "கிள்ளான் என்ன தூரமா தம்பி?" என்று கேட்டுக் கொண்டிருந்தார்.