வளைந்த கைப்பிடி வண்டி

காட்டுப்பள்ளிக் காற்றைப் பற்றி இப்பக்கத்தாருக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் தரை சுட்டபின், கடலிலிருந்து கிழக்குக் காற்று கிளம்பி வரும். எங்களுக்கோ பள்ளி மேற்கே, வீடு கிழக்கே. வீடு திரும்பும்போதெல்லாம் காற்று நெஞ்சில்தான் மோதும்.

ஒன்பதாம் வகுப்பு வரை அது எங்கள் கவலையாய் இருக்கவில்லை, பேருந்து இருந்தது. பத்தாம் வகுப்புக்கு மாலையில் சிறப்பு வகுப்பு வைத்தார்கள். அது முடிந்தபின் அடுத்த பேருந்துக்கு ஒன்றே கால் மணி நேரம் நிற்க வேண்டும். "மூத்தவள் பொன்னேரி அத்தை வீட்டில் ஒரு வருடம் இருந்து படிக்கட்டும்" என்றார் அப்பா. எங்களில் மூத்தவள் பத்தாம் வகுப்பு, இளையவள் எட்டாம் வகுப்பு. பிறந்தது முதல் ஒரே பாயில் படுத்தவர்கள். அத்தை மிக நல்லவர், அவர் வைக்கும் மீன் குழம்பும் நன்றாயிருக்கும். ஆனாலும் அன்றிரவு நாங்கள் இருவரும் உறங்கவில்லை.

சைக்கிள் யோசனை அப்போதுதான் பிறந்தது. "அடுத்த வருஷம் சர்க்கார் சைக்கிள் சும்மாவே கிடைக்குமே, இப்ப எதுக்குடி செலவு?" என்றார் ஆயா. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பினருக்கு விலையில்லா மிதிவண்டி தருவது உண்மையே. ஆனால் பொதுத்தேர்வு இவ்வருடம் அல்லவா? அம்மா தாம் எடுத்த சீட்டுப் பணம் 10,000 ரூபாயை எங்கள் கையில் கொடுத்து, "இதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது" என்றார்.

முதலில் மீஞ்சூரில் புது லேடீஸ் சைக்கிள் பார்த்தோம். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்ததைக் கடைக்காரரே சொன்னார். விலை எங்கள் கைக்கு எட்டியது. தூக்கிப் பார்த்தால் அரிசி மூட்டை! ஒரு வழிக்கு ஏழு கிலோமீட்டர். அதில் நிமிர்ந்து உட்கார்ந்து எதிர்காற்றில் மிதித்தால் வீடு சேர்ந்ததும் புத்தகத்தை யார் தொடுவது? குனிந்து ஓட்டும் வண்டி வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தோம். உடல் தாழ்ந்திருந்தால் காற்றுக்குக் கொடுக்கும் மார்பளவு குறையும். மெல்லிய டயருக்கு மிதியும் இலேசு. ஆங்கிலத்தில் இதை ரோடு பைக் என்பார்கள். எங்கள் ஊரில் பைக் என்றால் பெட்ரோல் வண்டி. ஆகவே ரேஸ் சைக்கிள் என்றே எல்லோரும் சொல்கிறார்கள்.

சென்னையில் ஒரு பெரிய கடையில் விலை கேட்டோம். எங்கள் பணத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

பிறகு, மாற்றலாகிப் போகும் அதிகாரி ஒருவரின் பழைய வண்டி விலைக்கு வருவதாக மாமா சொன்னார். கறுப்பு நிறம், பளபளவென்று இருந்தது. இளையவள் அங்கேயே அதற்குப் பெயர் வைத்துவிட்டாள். ஆனால் அது ஆறடி உயர மனிதருக்கான சட்டம். சீட்டை இறக்கலாம் என்று திருகினோம், அசையவில்லை. உப்புக் காற்றில் அலுமினியச் சட்டத்துக்குள் சீட் கம்பி பூத்து ஒட்டிக் கொண்டிருந்தது. அலுமினியம் துருப்பிடிக்காது என்று சொல்லி விற்பவர்கள் இந்தச் சங்கதியைச் சொல்வதில்லை. பில்லும் இல்லை. பில் இல்லாத வண்டி யாருடையதோ, யார் கண்டது? "வேண்டாம்மா" என்று மாமாவே திருப்பி அழைத்து வந்தார்.

ஒரு மாதம் கழித்துப் பொன்னேரியில் கல்லூரிக்குச் செல்லும் ஓர் அக்காவின் வண்டி கிடைத்தது. சிறிய சட்டம். பில் இருந்தது, பெடல் அச்சுக்குக் கீழே பொறித்திருந்த எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றாகவே இருந்தன. மீஞ்சூர் மெக்கானிக் அண்ணன் சொல்லிக் கொடுத்தபடி நாங்களே சோதித்தோம். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே இடைவெளி மாறுகிறதா என்று பார்த்தோம். பின்சக்கரத்தில் சிறிது பெண்டு. ஹேண்டிலுக்குக் கீழே பெயிண்ட் சுருங்கியிருந்தால் வண்டி எங்கேனும் முட்டியிருக்கும் என்பதால் அங்கே விரலால் தடவிப் பார்த்தோம், சுருக்கமில்லை. அடுத்து செயின். புதுச் செயினில் ஓர் ஆணியிலிருந்து இருபத்துநான்காவது ஆணி வரை சரியாக 12 அங்குலம். அதற்கு மேல் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டாலே தேய்ந்துவிட்டது என்று பொருள். விட்டுவிட்டால் பல்சக்கரத்தையும் அரித்துவிடும். அங்குல ஸ்கேலை வைத்தோம். நீண்டிருந்தது! அக்காவிடம் காட்டினோம். சிரித்துக்கொண்டே 9,500-லிருந்து 8,000-க்கு இறங்கினார். கணக்குப் பாடம் இப்படிப் பணம் தந்தது எங்கள் வீட்டில் அதுவே முதல் முறை.

புதுச் செயின், பிரேக் கட்டை, பெண்டு எடுத்த கூலி, பின்விளக்கு, மட்கார்டு எல்லாம் சேர்ந்து 1,700. இதன் ட்யூபில் இருப்பது குச்சி போன்ற மெல்லிய வால்வு. நம் சாதாரணப் பம்பு அதில் பொருந்தாது. அதற்கான சிறு பித்தளை அடாப்டரும் ஒரு மாற்று ட்யூபும் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பக்கூடாது. நடுவழியில் பஞ்சரானால் பக்கத்துக் கடையில் அந்த அளவு ட்யூப் கிடைக்காது.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "பார் வைத்த ஆம்பிளை வண்டியில் பெண் பிள்ளையா?" என்றார். சிஸ்டர் ஒருமுறை வகுப்பில் சொன்னது நினைவுக்கு வந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதாமல் பலர் பார் வைத்த வண்டியையே ஓட்டினார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டாம். பெரியம்மாவிடம் இதைச் சொன்னோம். "அப்படியா?" என்று கேட்டவர், மறுநாள் வந்து வண்டியை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

அப்பா மூன்று நிபந்தனைகள் போட்டார். கன்டெய்னர் லாரி வரிசைக்கும் சாலை ஓரத்துக்கும் நடுவே நுழையக்கூடாது. வல்லூர்த் தோழியுடன் சேர்ந்தே வர வேண்டும். சனிக்கிழமைதோறும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விட வேண்டும். மூன்றாவது வேலை எங்கள் இருவருக்கும் பொது. இளையவள் பல்துலக்கும் பழைய பிரஷ்ஷால் பல்சக்கரத்தைத் தேய்ப்பாள்.

அத்தை வீட்டுப் பேச்சு பிறகு எழவில்லை. அடுத்த வருடம் சர்க்கார் வண்டி வந்ததும் இது இளையவளுக்கு. சீட்டை இரண்டு அங்குலம் இறக்கினால் அவள் கால் எட்டுகிறது. போன ஞாயிறு பூசை முடிந்து வந்து அளந்து பார்த்துவிட்டோம்.